வெட்டுக்கிளியின் பி குரோமோசோம்: மரபணுவின் பாதியில் மட்டும் ஆர்.என்.ஏ. கூடுகிறது. தரவைத் தூக்கிவிடலாமா?

தோட்டத்து மாணவி, சுங்கை சிப்பூட்:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்கு எய்ப்ரெப்போக்னெமிஸ் ப்ளோரன்ஸ் என்ற வெட்டுக்கிளியின் பொதுத்தரவை எடுத்திருக்கிறேன். இந்த இனத்தில் சில பூச்சிகளுக்கு மட்டும் கூடுதலாக பி குரோமோசோம் இருக்கும். உயிர்வாழ அது தேவையில்லை, ஒட்டுண்ணிபோல் தலைமுறை தாண்டி வருகிறது. அதிலுள்ள மரபணுக்கள் வேலை செய்கின்றனவா என்பதுதான் என் கேள்வி. பி உள்ள பூச்சிகளில் கேப்-ஜி என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ. (மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்) கூடுகிறது, ஆனால் ஒரு பகுதியில் மட்டும். மீதிப் பகுதி பி இல்லாத பூச்சியைப் போலவே இருக்கிறது. தரவில் கோளாறா? தோட்டத்தில் லைன் சரியில்லை, டவுனுக்குப் போய்த்தான் கோப்புகளை இறக்குகிறேன். கையில் இருப்பதை வைத்தே சோதிக்க வழி சொல்லுங்கள்.

பீடோர் ஆசிரியர்:
ஆர்.என்.ஏ. சிதைந்திருந்தால் மரபணுவின் கடைசிப் பக்கமே அதிகம் தெரியும். ஆனால் அது எல்லா மரபணுக்களிலும், பி இல்லாத பூச்சிகளிலும் தெரிய வேண்டும். முதலில் அதைப் பாரம்மா.

தோட்டத்து மாணவி:
பார்த்தேன் சார். மற்ற மரபணுக்கள் சீராக இருக்கின்றன. பி உள்ளவற்றில் மட்டும்தான் இப்படி.

ஈப்போ அண்ணன்:
தங்கச்சி, தூக்கிவிடாதே! உன் கையில் இருப்பது நல்ல சான்று. பி குரோமோசோம் சாதாரண குரோமோசோம்களிலிருந்து துண்டு துண்டாகப் பிரதி எடுத்து வைத்திருக்கிறது, பல துண்டுகள் அரைகுறையானவை. இந்த வெட்டுக்கிளியில் குறைந்தது 10 புரத மரபணுக்கள் பி-யில் இருப்பதாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. கேப்-ஜி உட்பட மூன்று அரைகுறை மரபணுக்களில், பி-யில் உள்ள பகுதிக்கு மட்டும் ஆர்.என்.ஏ. கூடியது. பி வந்ததால் சாதாரண குரோமோசோமில் உள்ள பிரதி கூடுதலாக வேலை செய்திருந்தால் மரபணு முழுக்க உயர்ந்திருக்கும்.

உன் தரவில் உறுதிசெய்ய, அதே பூச்சிகளின் டி.என்.ஏ. வாசிப்பை (எழுத்து வரிசைத் தரவு) எடு. பி உள்ள பூச்சியில் எந்தப் பகுதியின் பிரதிகள் கூடுகின்றனவோ, அதே எல்லையில் ஆர்.என்.ஏ.-யும் கூட வேண்டும். அப்புறம் பி-யில் மட்டும் வரும் டி.என்.ஏ. எழுத்து மாற்றங்களைத் தேடு. அவை ஆர்.என்.ஏ.-யிலும் வந்தால் பி-யிலிருந்து படியெடுப்பு, அதாவது ஆர்.என்.ஏ. உருவாவது, நடக்கிறது. இன்ட்ரான் (ஆர்.என்.ஏ. முழுமையாகும்போது வெட்டி நீக்கப்படும்) பகுதியிலும் அதே அளவு வாசிப்பு இருந்தால் மட்டும் சந்தேகப்படு, ஆர்.என்.ஏ. மாதிரியில் டி.என்.ஏ. கலந்திருக்கலாம்.

மண்டோர் மாமா:
படிக்காதவன் கேட்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். ஆர்.என்.ஏ. வந்தாலே அந்த மரபணு பூச்சியை ஏதாவது செய்கிறது என்று அர்த்தமா?

ஈப்போ அண்ணன்:
இல்லை மாமா, அரைகுறை ஆர்.என்.ஏ. பயனில்லாமலும் போகலாம். மரபணுவை அடக்கிப் பார்த்தால்தான் தெரியும். நாசோனியா என்ற குளவியில் செய்திருக்கிறார்கள். அங்கே விந்தோடு வரும் பி குரோமோசோம் தகப்பன் வழி குரோமோசோம்களை அழித்துவிடும், பெண்ணாக வேண்டிய முட்டை ஆணாகிவிடும். அந்த பி-யிலுள்ள ஹாப்லோடைசர் மரபணுவை அடக்கியதும் அழிவு நின்றது. 2020-இல் வெளியான ஆய்வு அது.

தோட்டத்து மாணவி:
நன்றி அண்ணே. டி.என்.ஏ. கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, பார்த்துவிட்டேன். இரண்டின் எல்லையும் ஒன்றேதான்! எழுத்து மாற்றங்களை இன்று இரவு ஓடவிடுகிறேன்.

பீடோர் ஆசிரியர்:
சரிம்மா. அறிக்கையில் 'படியெடுக்கப்படுகிறது' என்று மட்டும் எழுது. 'வேலை செய்கிறது' என்று எழுத உன் தரவு போதாது.