அம்பெல்லாம் இடப்பக்கமே போகுது: கையா, வில்லா, அம்பா?

மதுரை அம்மா:
என் பொண்ணுக்கு 13 வயசு. ஒரு வருஷமா ரிகர்வ் வில் (நுனி முன்பக்கமா வளைஞ்ச வில்) பழகுறா, வலது கைக்காரி. 66 இன்ச் வில், லிம்ப்ல (வளையிற கைப்பகுதியில) இழுக்கிற பலம் 26 பவுண்டுன்னு எழுதியிருக்கு. போன மாசம் ஒரு டஜன் கார்பன் அம்பு வாங்கினோம், தண்டுல 500ன்னு போட்டிருக்கு. 18 மீட்டர்ல எல்லாம் இலக்கோட இடப்பக்க நீல வளையத்துல கும்பலா குத்துது. குறிபார்க்கிற சைட்டைத் தள்ளித் தள்ளி ஓரத்துக்கே வந்தாச்சு. சொல்லித்தர்றவர் "விடும்போது கையை இழுக்கிற"ன்னு திட்டினதுல ரெண்டு நாளா வில்லைத் தொடல. கிளப்போட பழைய அம்புல நல்லாத்தான் எய்வா.

நாண்காரன்:
அக்கா, பாப்பா மேல தப்பில்ல. கும்பலா குத்துதுன்னாலே கை ஒரே மாதிரி விடுதுன்னு அர்த்தம். அம்பு விறைப்பு, அவ்வளவுதான்.

தண்டை 28 இன்ச் இடைவெளியில ரெண்டு தாங்கி மேல வெச்சு, நடுவுல 880 கிராம் தொங்கவிட்டா அரை இன்ச் தொய்யும், அதுதான் 500. ஒரு இன்ச் தொய்ஞ்சா 1000. எண் கூடக்கூட அம்பு வளையும். விரலால விடுற நாண் நேரா ஓடாது, பக்கவாட்டுல நெளிஞ்சுதான் ஓடும். அம்பும் கூடவே வளைஞ்சு ரைசரை (வில்லோட நடுப்பிடியை) சுத்திப் போகணும். விறைப்பான தண்டு வளையாது, இடப்பக்கம் ஒதுங்கிடும்.

லிம்ப்ல இருக்கிற 26 பவுண்டு, 28 இன்ச் இழுவைக்கான கணக்கு. பாப்பா 25 இன்ச்தான் இழுப்பான்னா ஒரு இன்ச்சுக்குச் சுமார் 2 பவுண்டு கழிச்சுக்கோங்க. கையில நிக்கிறது 20 பவுண்டுதான். அதுக்கு 1000 இல்ல அதுக்கும் மேல வேணும்.

ரெண்டு அம்புல இறகைப் பிரிச்சுட்டு, இறகு உள்ளதோட சேர்த்து எய்யச் சொல்லுங்க. மொட்டை அம்பு இன்னும் இடப்பக்கம் போனா சந்தேகமே வேண்டாம். ரைசர்ல அம்பு உரசின வெள்ளைக் கீறலும் இருக்கான்னு பாருங்க.

தயவுசெஞ்சு அம்புக்காக வில்லோட பவுண்டை ஏத்தாதீங்க. வளர்ற தோள்பட்டை அது, போனா திரும்ப வராது.

டெக்சாஸ் தம்பி:
இங்க நான் காம்பவுண்ட்ல (கப்பி வெச்ச வில்லுல) மான் வேட்டைக்குப் போறவன். ரிலீஸ் கருவியால விடுறதால எங்களுக்கு நெளிவு கம்மி. ஆனா முனையில பிராட்ஹெட் (பிளேடு வெச்ச வேட்டை முனை) மாட்டின உடனே ஸ்பைன், அதாவது தண்டோட விறைப்பு, தப்பா இருந்தா அப்படியே தெரிஞ்சிடும், முன்னாடி இருக்கிற பிளேடே இறகு மாதிரி காத்தைப் பிடிச்சுத் திருப்பும். மான் மேல குறி தப்பினா அது காயத்தோட ஓடிச் சாகும். அதனால சீசனுக்கு முன்னாடி பிராட்ஹெட்டோடவே எய்து பார்ப்பேன். அண்ணன் சொல்றது சரி, அம்பை மாத்துங்கக்கா.

கரூர் வில்லாளி:
அம்பு முனையில கனமான பாயின்ட் போட்டா 500 தண்டும் வளையாதா?

நாண்காரன்:
கொஞ்சம் வளையும் தம்பி, ஆனா 500-ஐ 1000 ஆக்காது. தண்டை வெட்டவும் கூடாது, நீளம் குறைஞ்சா இன்னும் விறைக்கும்.

மதுரை அம்மா:
கீறல் இருக்கு தம்பி, அம்பு உக்கார்ற ரெஸ்ட்டுக்குப் பக்கத்துல விரல்நகம் அகலத்துக்கு. மொட்டை அம்பு ரெண்டும் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிப் போச்சு. 1000-ல ஆறு கடன் வாங்கி நேத்து சாயந்திரம் எய்தா. சைட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம். ஆறுல நாலு நடு மஞ்சள்ல குத்துச்சு. சொல்லித்தர்றவர்கிட்ட அந்தக் கீறலைக் காட்டணும்னு வில்லை அவளே பையில எடுத்து வெச்சுட்டா.