இழை: பெருந்தமனி – கிழிவா, பிளவா, போழ்வா?

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் பயிற்சிக்கும் அங்கே சுவரில் ஒட்டவும் ஒரு பக்க அட்டவணையைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான பெருந்தமனியின் உட்படலம் கிழிந்து, குருதி சுவருக்குள் புகுந்து அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே ஓடும் நோய் பற்றியது; ஆங்கிலத்தில் 'அயோர்டிக் டிசெக்‌ஷன்'. மூன்று வகைக் கேள்விகள், வகைக்கு ஒரு மதிப்பெண். மார்ஃபான் நோய் (இணைப்புத்திசுவைப் பாதிக்கும் மரபுநோய்), குடும்பத்தில் பெருந்தமனி நோய் போன்ற முன்காரணங்கள் உண்டா? வலி திடீரென்று, கடுமையாக, கிழிப்பதுபோல் வந்ததா? இரு கைகளிலும் இரத்த அழுத்தம் வேறுபடுகிறதா, ஒரு பக்கம் நாடித்துடிப்பு குறைந்திருக்கிறதா? கூட்டுத்தொகை 0 அல்லது 1 ஆகி, டி-டைமரும் (குருதி உறைவு கரையும்போது உண்டாகும் புரதத் துணுக்கு) மில்லி லிட்டருக்கு 500 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் சி.டி. ஆஞ்சியோகிராம் (இரத்தக்குழாய்களின் ஸ்கேன் படம்) இல்லாமல் மேலே போகலாம். நோய்க்குப் 'பெருந்தமனிக் கிழிவு' என்று எழுதியிருக்கிறேன். 'ரூல் அவுட்' (இந்நோய் இல்லை என்று ஒதுக்குவது) என்பதற்கு 'விலக்கல்'. சரிதானா?

மருத்துவர்:
'கிழிவு' போதாது அம்மா. கிழிவது வாசல் மட்டும். அதன் வழியே நுழைந்த குருதி அடுக்குகளை உரித்துச் செல்வதுதான் நோய். 'வெடிப்பு' என்றும் போடாதீர்கள், அது முழுச்சுவரும் உடைவது. இதை மாரடைப்பு என்று எண்ணி உறைவைக் கரைக்கும் ஊசி போட்டால் நோயாளி இறந்துபோகலாம். செவிலியர் மனத்தில் இரண்டும் வேறு என்று பதியவேண்டும். பெயர் அதற்கு உதவவேண்டும்.

தமிழாசிரியர்:
சொல் நம்மிடமே இருக்கிறது: போழ்வு. 'வீழும் இருவர்க்கு இனிதே வளியிடை போழப் படாஅ முயக்கு' (குறள் 1108). தழுவியிருக்கும் இருவருக்கு நடுவே காற்றுகூடப் புகுந்து பிரிக்காத முயக்கம். ஒட்டியிருக்கும் இரண்டுக்கு இடையே ஒன்று நுழைந்து விலக்குவதே போழ்தல். மருத்துவர் சொன்ன நோயும் அதுதானே? காற்றுக்குப் பதில் குருதி. 'தமனி' வடசொல் என்பதால் 'பெருநாடிப் போழ்வு' என்று வைத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்து ஆசிரியை:
எங்கள் பாடநூல்களில் நாடி, நாளம் என்றுதான் படித்தோம். தமனி, சிரை என்பவற்றைத் தமிழகத்து நூல்களில்தான் கண்டோம். பெருநாடி எங்களுக்கு இயல்பான சொல். ஆனால் ஐயா, தமனியை வடசொல் என்று தள்ளுபவர்கள் நாடியை மட்டும் எப்படி உள்ளே விடுகிறீர்கள்?

தமிழாசிரியர்:
நாடுதல், நாட்டம், நாடி. குருதி உறுப்புகளை நாடிச் செல்லும் வழி. நள், நாள், நாளம் என்னும் வேரையும் காட்டமுடியும். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
அட்டவணையின் மூன்றாம் பகுதி 'நாடியைப் பிடித்துப் பார்' என்கிறது. தமிழகச் செவிலியருக்கு நாடி என்றால் துடிப்பு. ஒரே தாளில் நாடி, பெருநாடி இரண்டும் வந்தால் குழப்பம்தான். பெருந்தமனியே இருக்கட்டும், மன்னிக்கவும்.

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்:
'விலக்கல்' வேண்டாம். விலக்கு என்றால் வார்டில் மாதவிலக்குதான். 'விலக்கு: ஆம்/இல்லை' என்று அச்சிட்டால் பெண் நோயாளியிடம் அதைக் கேட்டுவிட்டு எழுதிவிடுவார்கள். போழ்வும் வேண்டாம் ஐயா. குறள் அழகு. ஆனால் பணிமாற்றத்தின்போது வாய்வழியாகச் சொல்லும் சொல் அது. ழகரம் வராத நாக்கில் அது என்னவாகும்?

இன்னொரு உறுப்பினர்:
'டிசெக்‌ஷன்' என்ற மூலச்சொல்லே உடலை அறுத்துப் பார்ப்பதைக் குறிப்பதுதானே? 1819இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் இந்நோய்க்கு அதைப் பரப்பினார். அதன்படி 'பெருந்தமனிக் கூறாக்கம்' என்றால் என்ன? இந்நோயை வகைப்படுத்திய அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கிக்கே 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், இது வந்தது. அவர் முன்னோடியாக நின்று வளர்த்த அறுவைச் சிகிச்சையே அவரைக் காப்பாற்றியது. 2008 வரை வாழ்ந்தார்.

மட்டுறுத்துநர்:
டிபேக்கிக்குத் தனி இழை தொடங்குங்கள். கூறாக்கம் என்றதும் பிரேதக் கூறாய்வு நினைவுக்கு வருகிறது. உறவினர்கள் நிற்கும் இடத்துச் சுவரில் அது வேண்டாம்.

மருத்துவர்:
'ரூல் அவுட்' பற்றி ஒன்று. 'இல்லை என உறுதி' என்று யாரும் எழுதிவிடக் கூடாது. 2018இல் வெளியான 1,850 பேர் ஆய்வில், இந்த மதிப்பெண்ணும் டி-டைமரும் சேர்ந்து 'இல்லை' என்றவர்களில் ஆயிரத்துக்கு மூவருக்கு நோய் இருந்தது. உறுதி என்ற சொல்லைப் படித்தவர் பிறகு நோயாளியைத் திரும்பிப் பார்க்கமாட்டார். கலைச்சொல்லே வேண்டாம், 'இந்நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு' என்று எழுதுங்கள். அதிர்ச்சி நிலையில் (இரத்த அழுத்தம் சரிந்து) வருபவருக்கு டி-டைமருக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
நாளை அச்சு. 'பெருந்தமனிச் சுவர்ப்பிளவு' என்பதற்கு நால்வர் உடன்படுகிறார்கள். அடைப்புக்குறிக்குள் 'டிசெக்‌ஷன்' என்று தமிழ் எழுத்தில் தருகிறேன். கீழே ஒரு வரி: 'சுவர் உடையவில்லை, அடுக்குகள் பிரிகின்றன.' மருத்துவர் சொன்ன தொடர் அப்படியே போகிறது. அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். விறகு பிளந்தால் இரண்டு துண்டாகும்; கட்சி பிளந்தாலும் இரண்டாகும். இங்கே எதுவும் இரண்டு துண்டாகவில்லை. அதனால்தான் உங்களுக்குக் கீழே ஒரு விளக்கவரி தேவைப்பட்டது. போழ்வுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

ஓய்வுபெற்ற செவிலியர்:
போழ்வுக்கு இரண்டு வரி தேவைப்பட்டிருக்கும் ஐயா.