புதுப்பிப்பு: குளோன் செய்த இரண்டு விஎம்களுக்கும் ஒரே ஐபி – சரியாகிவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. ஒரு உபுண்டு சர்வர் (லினக்ஸ்) விஎம்மை, அதாவது கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினியை, குளோன் செய்து (அப்படியே நகலெடுத்து), இரண்டையும் பிரிட்ஜ் முறையில் (ரௌட்டரிடமே நேராக ஐபி முகவரி வாங்கும்படி) ஓட்டினால் நெட்வொர்க் விட்டுவிட்டு வருகிறது என்று கேட்டிருந்தேன்.

மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மாற்றச் சொன்னார்கள் பலர். மாற்றினேன், பலனில்லை. இரண்டுமே 192.168.1.23 என்றுதான் நின்றன. ‘மெஷின்-ஐடியைப் பாருங்கள்’ என்று ஒருவர் ஒரே வரியில் எழுதியிருந்தாரே, அதுதான் விடை. மெஷின்-ஐடி என்பது ஒவ்வொரு லினக்ஸ் நிறுவலுக்கும் உள்ள தனி அடையாள எண். உபுண்டு சர்வரில் டிஎச்சிபியிடம் (ரௌட்டரில் ஐபி முகவரி பங்கிடும் சேவை) முகவரி கேட்பது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற நிரல். அது மேக்கைக் காட்டாமல், மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைக் காட்டுகிறது. குளோனில் அந்த ஐடியும் அப்படியே வந்துவிடும். ரௌட்டருக்கு இரண்டும் ஒரே ஆள்.

குளோனில் இடிசி (/etc) அடைவிலுள்ள மெஷின்-ஐடி கோப்பை நீக்காமல் காலி மட்டும் செய்து ரீபூட் செய்தேன். புது ஐடி உருவாகி, 192.168.1.31 கிடைத்தது.

எதிர்பாராதது ஒன்று: எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) ஹோஸ்ட் கீயும், அதாவது சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சாவியும், இரண்டிலும் ஒன்றுதான். அதனால்தான் தப்பான விஎம்முக்குள் நுழைந்தபோதும் எச்சரிக்கையே வரவில்லை. அரை நாள் தப்பான மெஷினில் லாக் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! அப்புறம் குளோனில் அந்தக் கீகளையும் புதிதாக உருவாக்கிவிட்டேன்.