அயர்லாந்துல கேஸ் போடாம ஸ்டேஷன்ல எவ்வளவு நேரம் வச்சிருக்கலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

பாறசாலை அக்கா:
எங்க வீடு பாறசாலைல, களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டி இந்தப் பக்கம். தம்பி டப்ளின்ல மாஸ்டர்ஸ் படிக்கான். அவன்கூட ஒரே வீட்ல தங்கியிருக்க பையன போன வாரம் ராத்திரி 9 மணிக்கு கார்டா வந்து கூட்டிட்டுப் போய்ட்டாங்க, அங்க போலீஸுக்கு அதான் பேரு. ரூம்ல இருந்த லேப்டாப் திருட்டுப் பொருளாம். மறுநாள் சாயங்காலம் 4 மணிக்குத்தான் விட்டாங்க, கேஸ் போடல, கோர்ட்டுக்கும் கொண்டு போகல, ஃபைல் டிபிபிக்கு, அதாவது கேஸ் போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற அரசு வக்கீல் ஆபீஸுக்கு, போகும்னு மட்டும் சொல்லிருக்காங்க. 12 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்க பெரிய ஆபீசர் ஆர்டர் வேணும், அப்படி ஒண்ணும் போடலன்னு அந்தப் பையன் சொல்லுதான், ஆனா 19 மணி நேரம் உள்ள இருந்திருக்கானே, அது எப்படி? இப்ப என் தம்பியையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுதாங்க. அம்மா சாப்பிடாம கெடக்காங்க.

லிமரிக் அண்ணன்:
தங்கச்சி, மொதல்ல அம்மாவ சாப்பிடச் சொல்லுங்க. நானும் உங்க பக்கத்துல மார்த்தாண்டம்தான், வீட்டுக்காரி இங்க நர்ஸ். 1984 கிரிமினல் ஜஸ்டிஸ் ஆக்ட் 4ஆம் பிரிவுல, 5 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குத்தத்துக்கு மொதல்ல 6 மணி நேரம் வைக்கலாம், சூப்பரின்டெண்டன்ட் ஆர்டர் போட்டா இன்னொரு 6, அப்புறம் சீஃப் சூப்பரின்டெண்டன்ட் போட்டா 12, மொத்தம் 24. திருட்டுப் பொருள் வச்சிருந்தாலும் இதுல வந்துரும். ஆனா நைட் 12ல இருந்து காலைல 8 வரைக்கும் விசாரணைய நிறுத்தி தூங்க விட்டா, அதுக்கு அவன் எழுதிக் குடுத்து சம்மதிச்சிருந்தா, அந்த 8 மணி நேரம் கணக்குல வராது. அப்ப 9ல இருந்து 12 வரை 3, காலைல 8ல இருந்து 4 வரை 8, மொத்தம் 11தான். கணக்கு சரியாத்தான் இருக்கு. எப்ப சாப்பாடு குடுத்தாங்க, எப்ப வக்கீலுக்கு போன் போட்டாங்க, எல்லாம் கஸ்டடி ரெக்கார்ட்ல டைம் போட்டு எழுதணும், அதோட காப்பிய அந்தப் பையன் கேட்டு வாங்கலாம், வாங்கச் சொல்லுங்க.

நெய்யாற்றின்கரை வக்கீல்:
அண்ணன் சொன்னது சரிதான். நம்ம ஊர்ல 24 மணி நேரத்துல மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், ஆனா அதுக்கப்புறம் போலீஸ் கஸ்டடின்னு கேட்டு 15 நாள் வரைக்கும் வாங்கிருவாங்க, அதுலதான் பசங்க உடைஞ்சு போறது, நான் கண்ணால பாத்திருக்கேன். அங்க சாதாரண கேஸுக்கு அந்த வழியே கிடையாது, டைம் முடிஞ்சா ஒண்ணு சார்ஜ் பண்ணணும், இல்ல விடணும். விட்டுட்டு அதே குத்தத்துக்கு விசாரிக்க மறுபடி பிடிக்கணும்னா ஜட்ஜ் வாரண்ட் வேணும். போதைப்பொருள் கடத்தல்னா கதை வேற, 1996 சட்டத்துல 7 நாள் வரை போகும், 48 மணி நேரம் தாண்டினா ஜட்ஜ் அனுமதிக்கணும். நாட்டுக்கு எதிரான குத்தங்களுக்கு உள்ள 1939 சட்டம் 30ஆம் பிரிவுன்னா 72 மணி நேரம், அதுலயும் கடைசி 24 ஜட்ஜ் குடுக்கணும். குண்டர் சட்டம் மாதிரி கேரளாவுல இருக்க நம்ம காப்பா போல, விசாரணையே இல்லாம உள்ள தள்றதுக்கு அவங்க கிட்டயும் 1940ல ஒரு சட்டம் இருக்கு, 1957ல வடக்கு பார்டர்ல ஐஆர்ஏங்கற ஆயுதக் குழு சண்டை நடந்தப்ப கர்ரா ராணுவ முகாம்ல ஆளுங்கள அப்படித்தான் அடைச்சு வச்சாங்க. பார்டர்னு வந்தா எந்த நாட்டு சர்க்காருக்கும் கை நீளுது, எனக்கு அதுல கோவம் உண்டு. உங்க விஷயத்துக்கு அது வராது, பயப்படாதீங்க.

பாறசாலை அக்கா:
ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணே. தம்பி போகலாமா? நான் ஒண்ணும் தப்பு பண்ணல, எல்லாத்தையும் நானே சொல்லிருதேன்னு நிக்கான்.

லிமரிக் அண்ணன்:
தனியா போக விடாதீங்க. அரெஸ்ட் பண்ணாம சும்மா வரச் சொன்னா அவன் எப்ப வேணாலும் எந்திரிச்சு வரலாம், ஆனா உள்ள போன பெறகு அங்கயே அரெஸ்ட் பண்ணவும் செய்யலாம். அதனால மொதல்ல ஒரு சொலிசிட்டர பிடிங்க, இங்க வக்கீலுக்கு அதான் பேரு. 2014ல இருந்து விசாரணை ரூம்லயே சொலிசிட்டர் கூட உக்காரலாம், அரெஸ்ட் ஆகி கையில காசு இல்லன்னா, வருமானத்தப் பாத்து சர்க்காரே அந்த ஃபீஸ் குடுக்கும். வக்கீல் வேணும்னு கேட்டா, அவர் ஆலோசனை கிடைக்குற வரைக்கும் விசாரிக்கக் கூடாதுன்னு அதே 2014ல இங்க சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு.

நெய்யாற்றின்கரை வக்கீல்:
வாய தொறக்காம இருந்தா போதும்னும் யாரும் அவன்கிட்ட சொல்லாதீங்க. பேசாம இருக்க உரிமை உண்டு, ஆனா திருட்டுப் பொருள் கையில எப்படி வந்துச்சுன்னு கேட்டு, பதில் சொல்லலன்னா கோர்ட்ல என்ன ஆகும்னு எச்சரிச்ச பெறகும் சொல்லலன்னா, பின்னால அத அவனுக்கு எதிரா எடுக்கலாம். எதுக்கு பேசணும், எதுக்கு வேண்டாம்னு சொலிசிட்டர்தான் சொல்லணும். இங்கிலீஷ் தடுமாறுனா மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம், அரெஸ்ட் ஆனா இந்தியன் எம்பசிக்கு தகவல் சொல்லச் சொல்லலாம். லேப்டாப் அந்த ரூமுக்கு எந்தத் தேதி வந்துச்சு, யார் கொண்டாந்தா, இவனுக்குத் தெரிஞ்சத மட்டும் இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதி சொலிசிட்டர் கையில குடுக்கட்டும், வாட்ஸப்ல யாருக்கும் அனுப்ப வேண்டாம், உங்களுக்குக்கூட.