மறு: காண்டாக்ட் மைக் – தொடு ஒலிவாங்கியா, அதிர்வாங்கியா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கையால் தட்டி வாசிக்கும் எஃகு இசைக்கருவியான ஹேண்ட்பானை வாசிப்பவர்களுக்காக மேடை ஒலியமைப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். காண்டாக்ட் மைக் (கருவியின் உடலில் ஒட்டி அதன் அதிர்வைப் பிடிக்கும் உறுப்பு) என்ற சொல் அதில் பக்கத்துக்கு ஆறேழு முறை வருகிறது. அதற்குத் தமிழ் கேட்டதும் நான்கு பரிந்துரைகள் தந்தீர்கள், மிக்க நன்றி. நான்கையும் அந்த அதிகாரத்தில் மாற்றி மாற்றி வைத்து வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கருவியின் பெயரையும் தமிழாக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் என்பது என் கருத்து. வயலின், கிளாரினெட், மாண்டலின் எல்லாம் தத்தம் பெயரோடுதான் நம் கச்சேரிக்குள் வந்தன. ஹேண்ட்பானுக்கு மூலமான ஹாங், 2000ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபெலிக்ஸ் ரோனர், சபீனா ஷேரர் இருவரும் உருவாக்கியது. டிரினிடாட்டின் ஸ்டீல்பானும் நம் கடமும் அதற்கு முன்னோர்கள். அந்த ஊர்ப் பேச்சில் ஹாங் என்றால் கை. பிறகு மற்றவர்களும் செய்யத் தொடங்கியபோது ஹேண்ட்பான் என்பது பொதுப்பெயர் ஆனது. நம் பழைய பகுப்பின்படி அது கஞ்சக்கருவி, அதாவது உலோகத்தால் ஆன கருவி. வாசகருக்கு அதைச் சொன்னால் போதும், பெயர் அப்படியே இருக்கட்டும்.

இனி நம் சொல்.

> தொடுதிரை, தொடுவில்லை இருப்பது போலத் தொடு ஒலிவாங்கி என்று வைக்கலாமே.

ஐயா, எனக்கும் முதலில் தோன்றியது இதுதான். ஆனால் தொடுதிரையில் தொடுவது நம் விரல், தொடுவில்லையில் தொடுவது வில்லை. தொடு ஒலிவாங்கி என்றதும், விரலால் தொட்டால் இயங்கும் மைக் என்று என் மாணவர்களில் இருவர் புரிந்துகொண்டார்கள். அதைக்கூட விளக்கிச் சமாளித்துவிடலாம். எனக்குப் பெரிய தயக்கம் பின்பாதியில் உள்ள 'ஒலிவாங்கி'யில்தான்.

ஏன் என்று சொல்ல ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு மேடையில் வாசித்தேன். ஹேண்ட்பானின் அடிப்புறத்தில் 27 மில்லிமீட்டர் பீசோ வட்டு (வளைந்தால் மின்னழுத்தம் தரும் சிறு தகடு) ஒன்றை ஒட்டியிருந்தேன். ஒலிப்பலகையில் இருந்தவரிடம் "காண்டாக்ட் மைக்" என்று சொல்லி ஒயரை நீட்டினேன். மைக் என்றுதானே சொன்னேன், அவரும் மைக் நுழைவில் செருகினார். வாசிக்கத் தொடங்கினால் விரல் படும் டக் டக் ஓசை மட்டும் வருகிறது. நடுவில் இருக்கும் டிங் சுரம் போன இடம் தெரியவில்லை. பேஸைக் கூட்டக் கூட்ட உறுமல்தான் வந்தது. முழு நிகழ்ச்சியும் அப்படியே போயிற்று.

காரணம் எளிய கணக்கு. பீசோ வட்டு மின்சுற்றின் கண்ணுக்கு ஒரு மின்தேக்கி. அந்த அளவு வட்டுக்கு ஏறத்தாழ 20 நானோஃபாரட் இருக்கும். மைக் நுழைவின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) சுமார் 2,000 ஓம். இரண்டும் சேர்ந்தால் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் வழித்துத் தள்ளும் வடிகட்டி ஆகிவிடும். டி மைனர் ஹேண்ட்பானில் டிங் 147 ஹெர்ட்ஸ், உச்சச் சுரம் பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸ். ஆக, கருவியின் அடிப்படைச் சுரங்கள் எல்லாமே வடிகட்டிக்குக் கீழே போய்விட்டன. டிங் மட்டும் 29 டெசிபெல் அளவுக்குக் குறைந்திருக்கும். அதே வட்டை 10 லட்சம் ஓம் நுழைவுள்ள முன்பெருக்கியில் (ப்ரீஆம்ப்) செருகியிருந்தால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும். ஒரு சுரமும் இழந்திருக்காது.

அன்று அவர் மேல் தவறில்லை. பெயர்தான் அவருக்குத் தப்பாக வழிகாட்டியது. மைக் என்று அழைத்தால் மைக்கை நடத்துவது போல்தான் நடத்துவார்கள். தமிழில் புதிதாகச் சொல் செய்யும் வாய்ப்பு இருக்கும்போது அதே தப்பை நாமும் ஏன் கட்டி இழுக்க வேண்டும்?

> ஒட்டு ஒலிவாங்கி. ஒட்டித்தானே வைக்கிறோம்?

ஒட்டித்தான் வைக்கிறோம். ஆனால் 'ஒட்டு' என்றதும் நமக்கு ஒட்டுக்கேட்பது நினைவுக்கு வருகிறது. சுவரில் பொருத்தி அடுத்த அறைப் பேச்சைக் கேட்கவும் இதே வகைக் கருவி பயன்பட்டிருக்கிறது என்பதால் குழப்பம் இன்னும் கூடும். சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு மைக்கையும் ஒருவர் இப்படிச் சொல்லக் கூடும். 'தொடர்பு ஒலிவாங்கி' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது ஒருவரைத் தொடர்புகொள்ளும் வேறு ஒரு காண்டாக்ட். 'தொடுகை ஒலிவாங்கி' தொடு ஒலிவாங்கியைவிடத் தெளிவு, ஆனால் பின்பாதிச் சிக்கல் அதிலும் இருக்கிறது.

நான் முன்வைப்பது: அதிர்வாங்கி.

இந்தக் கருவி காற்றில் வரும் ஒலியை ஏறக்குறைய வாங்குவதே இல்லை. அதன் பக்கத்தில் நின்று உரக்கப் பேசுங்கள், மீட்டர் முள் லேசாக அசைந்தால் உண்டு. அது ஒட்டியிருக்கும் உலோகத்தை நகத்தால் கீறுங்கள், முள் துள்ளும். அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். நம் வட்டில் இருப்பதும் அந்த விளைவுதான். பித்தளைத் தகட்டின் மேல் ஒட்டிய பீங்கான், உடலோடு சேர்ந்து வளைந்து நிமிரும்போது மின்குறிகையைத் தருகிறது. உடல் அதிர்கிறது, வட்டு அதிர்வை வாங்குகிறது. காற்று நடுவில் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'வாங்கு' என்ற வினை. பழந்தமிழில் அதற்கு வளைதல் என்றும் பொருள் உண்டு. வாங்கு அமை என்றால் வளைந்த மூங்கில். பீசோ வட்டு வளைந்துதான் வாங்குகிறது. இந்தப் பொருத்தம் தற்செயல்தான், ஆனாலும் விட மனம் வரவில்லை.

சொல்லைக் கையேட்டில் வைத்ததும் பல பத்திகள் தாமாகத் தெளிந்தன. "அதிர்வாங்கியைச் சுரக்குழிவின் (தட்டினால் சுரம் எழும் இடத்தின்) மேல் ஒட்டாதீர்கள்" என்று எழுதினால் காரணமும் அதிலேயே இருக்கிறது: அதிரும் இடத்தில் எடை வைத்தால் அதிர்வு கெடும். ஹேண்ட்பானின் ஒவ்வொரு சுரக்குழிவிலும் மூன்று சுரங்கள் இழைத்துச் சேர்க்கப்பட்டிருக்கும்: ச, மேல் ச, அதற்கும் மேலே உள்ள ப. சில கிராம் ஒட்டுமெழுகும் வட்டும் அங்கே உட்கார்ந்தால் சுருதி இறங்கும், நீட்டொலி குறுகும். அதனால் குழிவுகளுக்கு இடைப்பட்ட உலோகத்திலோ விளிம்புப் பக்கமோ ஒட்ட வேண்டும். ஓர் அங்குலம் நகர்த்தினாலே எந்தச் சுரம் ஓங்கும், எது ஒடுங்கும் என்பது மாறிவிடும். பொறுமையாக நகர்த்தி நகர்த்திக் கேட்கத்தான் வேண்டும். வாசித்து முடித்ததும் மெழுகைத் துடைத்து எடுப்பதும் முக்கியம், அடியில் ஈரம் தங்கினால் எஃகு துருப்பிடிக்கும்.

அடியில் உள்ள கூ என்னும் வாயில் எழும் கும்மென்ற காற்று முழக்கத்தை அதிர்வாங்கி சரியாகப் பிடிக்காது. அது குடத்துக்குள் இருக்கும் காற்றின் அசைவு. அதற்கு வாயருகே உண்மையான ஒலிவாங்கி ஒன்று வேண்டும். பாருங்கள், "அதிர்வாங்கி உடலுக்கு, ஒலிவாங்கி காற்றுக்கு" என்று ஒரே வரியில் எழுத முடிகிறது. தொடு ஒலிவாங்கி என்று வைத்துக்கொண்டு இதே வரியை எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.

———

அண்ணா, வணக்கம்.

நான் எட்டு ஆண்டுகளாக ஹேண்ட்பான் வாசிக்கிறேன். உங்கள் சொல் பிடித்திருக்கிறது, ஆனால் மூன்று கேள்விகள்.

இலக்கணப்படி அதிர்வுவாங்கி என்றுதானே வர வேண்டும்? ஒலி பெயர்ச்சொல், அதனால் ஒலிவாங்கி. அதிர் வினையடி ஆயிற்றே.

அடுத்தது, மேடையில் இருப்பவர்கள் இதைப் பிக்கப் என்றுதான் சொல்கிறார்கள். மின்கிதாரின் பிக்கப்பையும் நாளைக்கு அதிர்வாங்கி என்று சொல்ல ஆரம்பித்தால்?

மூன்றாவது, காற்றில் வரும் ஒலியை வாங்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிப்பவர் இது ஃபீட்பேக்கே ஆகாது என்று நினைத்துக்கொள்வார். எனக்கு ஆகியிருக்கிறது. வாசிப்பதை நானே கேட்க உதவும் மானிட்டர் ஸ்பீக்கரைக் காலடியில் வைத்திருந்தேன், ஒரே ஒரு சுரம் நான் தொடாமலே முழங்கிக்கொண்டே போனது.

———

தங்கைக்கு வணக்கம். மூன்றும் நல்ல கேள்விகள், மூன்றாவதுக்குத் தனி நன்றி.

அதிர்வுவாங்கி பிழையில்லை, நாக்கில்தான் இடறுகிறது. இரண்டு வகரம் அடுத்தடுத்து வருவதால் பேச்சில் அது எப்படியும் அதிர்வாங்கியாகத் தேய்ந்துவிடும். ஆனால் தேய்வைக் காரணம் காட்டி நான் இதைக் கேட்கவில்லை. வினையடி நேரே பெயரோடு சேர்வது நமக்கு இயல்பான வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு போல. அதிர்வேட்டு இதே அடியில் பிறந்து ஊரறிந்த சொல். அப்படிப் பிரித்தால் 'அதிர்கின்ற வாங்கி' என்று பொருள் வரும். வட்டு தானும் சேர்ந்து அதிர்ந்துதான் வேலை செய்கிறது, எனவே அந்தப் பொருளும் சரியாகவே நிற்கிறது.

பிக்கப் என்ற பொதுச்சொல்லுக்கு வெறும் 'வாங்கி' போதும் என்று நினைக்கிறேன். மின்கிதாரில் கம்பியை எதுவும் தொடுவதில்லை. எஃகுக் கம்பி அசையும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஆகவே அது காந்தவாங்கி. வாங்கி, ஒலிவாங்கி, காந்தவாங்கி, அதிர்வாங்கி என்று ஒரு குடும்பமே அமைகிறது. அதிர்வை அளந்து எண்ணாகக் காட்டும் கருவிகளுக்கு வெப்பமானி போல 'மானி' ஈறு இருப்பதால் அவற்றோடும் மோதாது.

ஃபீட்பேக் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. நான் எழுதியது குறைபட்டதுதான், கையேட்டில் திருத்திவிட்டேன். அதிர்வாங்கி காற்றை நேரடியாகக் கேட்பதில்லை. ஆனால் கருவியின் உடல் கேட்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் 147 ஹெர்ட்ஸ், அதே சுருதியில் உள்ள டிங்கை அசைக்கிறது. அந்த அசைவை வட்டு வாங்குகிறது, பெருக்கி பெருக்குகிறது, ஸ்பீக்கர் மறுபடி அசைக்கிறது. ஹேண்ட்பானில் இது நயமாகத் தொடங்குவதால் முதலில் நல்ல நீட்டொலி என்றே தோன்றும், அதுதான் ஆபத்து. மானிட்டரைக் கருவிக்கு நேரே வைக்காமல் தள்ளி வைப்பது, முழங்கும் அந்த ஒரு சுரத்தை மட்டும் ஈக்வலைசரில் ஒடுக்குவது, முடிந்தால் காதுக்குள் வைக்கும் மானிட்டருக்கு மாறுவது என மூன்றையும் சேர்த்திருக்கிறேன். இதற்கு நாம் வழங்கும் பின்னூட்டம் என்ற சொல் இணையத்தில் வாசகர் கருத்துக்குப் போய்விட்டது. 'சுற்றுமுழக்கம்' என்று எழுதியிருக்கிறேன். இதைத் தனி இழையில் பேசுவோம்.

ஒலிவாங்கியையும் அதிர்வாங்கியையும் சேர்த்து வைக்கும்போது இன்னொன்றும் தேவைப்படுகிறது. உடலில் ஒட்டியிருப்பது உடனே வாங்கும், 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஒலிவாங்கிக்கு ஏறத்தாழ 0.9 மில்லிநொடி பிந்தும். கலக்கும்போது சில சுரங்கள் மெலிவது இதனால்தான். ஒன்றின் மின்குறிகைத் துருவத்தை (+, −) திருப்பிக் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மறுப்பு இல்லையென்றால் சொல்லடைவில் இப்படிச் சேர்க்கிறேன்:

அதிர்வாங்கி – இசைக்கருவி முதலிய திடப்பொருளின் உடலில் பொருத்தி, அதன் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் உறுப்பு. பீசோ வகையை மைக் நுழைவில் நேரே செருகாமல், குறைந்தது 10 லட்சம் ஓம் மின்மறுப்புள்ள முன்பெருக்கி வழியாக இணைக்க வேண்டும்.

சொல்லடைவில் செய்முறைக் குறிப்பு எதற்கு என்று யாராவது கேட்கலாம். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அது இருக்கட்டும்.

அன்புடன்.