ஓம் என்று சொல்லி மாட்டுப்பட்ட கதைகளை எழுதுங்கோ

உழவுமெசின் (மல்லாவி)

போன கிழமை தோட்டக் கிணற்று மோட்டர் உறுமிக்கொண்டே நின்றது, சுற்றவில்லை. கொயில் எரிந்துவிட்டதோ என்று பார்ப்பதற்காக மல்டிமீற்றரை எடுத்து ஓம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "அம்மா, மெயின் சுவிச்சை நிப்பாட்டியாச்சோ?" என்று கத்தினேன். குசினிக்குள் இருந்து "ஓம்" என்று பதில் வந்தது. நானும் நம்பி முனைகளில் வயரை வைத்தேன். மீற்றருக்குள் டப் என்றொரு சத்தம், கருகின மணம், அவ்வளவுதான். ஓம் அளக்கிற நிலையில் வைத்துக்கொண்டு கரண்ட் ஓடுகிற இடத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நல்ல காலம், மீற்றரின் பியூசோடு போயிற்று. ஓடிப்போய்க் கேட்டால் அம்மா திருவலையில் தேங்காய் திருவியபடி, தலையைக்கூட நிமிர்த்தாமல், "நீ கூப்பிட்டது கேட்டது, ஓம் எண்டனான். நிப்பாட்டிப்போட்டன் எண்டு சொன்னனானே?" என்கிறார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் பிழை இல்லை. எங்கள் ஓம் வெறும் ஆம் இல்லை. கேட்டது, கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு, உன்னோடு சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை, எல்லாவற்றுக்கும் ஓம்தான். கொஞ்சம் இழுத்துச் சொன்னால் நான் நம்பவில்லை என்று அர்த்தம். "ஓமோம்" என்று இரண்டு தரம் வேகமாகச் சொன்னால் கதை முடிந்தது, எழும்பிப் போ.

இந்த இரண்டெழுத்து உங்களுக்கு எங்கே காலை வாரியது? வெளிநாட்டில் இருப்பவர்களும் எழுதுங்கோ, அங்கத்தைய பாசைகளிலும் இது வேறு வேறு அர்த்தத்தில் கிடக்கிறது என்று கேள்வி.

முறிகண்டிக்கச்சான் (இப்போது கிளிநொச்சி)

நான் சின்ன வயதில் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமுக்குப் போய், பிறகு திருச்சிப் பக்கம் வளர்ந்து திரும்பி வந்தவன். அங்கே முதல் நாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "இலங்கையா?" என்று கேட்க, "ஓம்" என்றேன். வகுப்பே சிரித்தது. பின் வாங்கில் இருந்தவன் கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். அன்றைக்கிருந்து எனக்கு இரண்டு நாக்கு. படலைக்கு வெளியே "ஆமா", உள்ளே வந்தால் "ஓம்". பெரியவர்களுக்கு அந்த வித்தை வரவில்லை. அப்பா வீடு வாடகைக்குக் கேட்டுப் போவார், மூன்று வசனம் கவனமாக "ஆமாங்க, சரிங்க" என்று கதைப்பார், நாலாவதில் வாய் தவறி ஒரு ஓம் விழும். உடனே வீட்டுக்காரர், "நீங்க சிலோனா?" அதற்குப் பிறகு அந்த வீடு கிடைக்காது. அப்பா கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார், கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவார். அம்மா அவருக்கு வைத்த பெயரை இங்கே எழுதமாட்டேன்.

பழைய வாத்தி (புதுக்குடியிருப்பு)

மெசின் தம்பி, அந்த மீற்றரில் இருக்கிற ஓமைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். ஓமின் விதி படிப்பிக்கிற அன்று மட்டும் வகுப்பு அடங்காது. "விளங்கிச்சோ?" என்றால் எல்லாருமாகச் சேர்ந்து "ஓம் சேர்". "அப்ப இந்தச் சுற்றின் தடை எத்தனை ஓம்?" என்றால் ஒருவன் எழும்பி வகுப்பைத் திரும்பிப் பார்த்து, "முப்பத்திரண்டு ஓம் சேர், ஒருத்தன் மட்டும் வரேல்லை" என்றான். அடிக்கவும் முடியவில்லை, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பெயருக்குரியவர் கேயோர்க் சீமோன் ஓம், 1789 இல் எர்லாங்கன் என்ற ஜேர்மன் ஊரில் பிறந்தவர். தகப்பன் பூட்டுத் திறப்புச் செய்கிற தொழிலாளி. இவரும் என்னைப் போலப் பள்ளிக்கூட வாத்திதான், கொலோன் நகரில் கணக்கும் பௌதிகமும் படிப்பித்தவர். 1827 இல் விதியை அச்சிட்டபோது ஊரார் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. அவர் 1854 இல் செத்துப்போனார், 1881 இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாட்டில்தான் தடையின் அலகுக்கு இவர் பெயரை உலகப் பொதுவாக ஏற்றுக்கொண்டார்கள். இன்னொரு கூத்தும் இருக்கிறது. தடைக்கு எதிர்மாறு கடத்துதிறன் அல்லவா, அதற்கு அலகு வைக்கும்போது ஓமின் ஆங்கில எழுத்துகளை அப்படியே தலைகீழாக்கி "மோ" என்று வைத்துவிட்டார்கள். பிறகுதான் அதைச் சீமென்ஸ் என்று மாற்றினார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய பரம்பரைப் பெயரின் அர்த்தம். ஜேர்மன் பாசையில் ஓஹைம் என்றால் தாயின் சகோதரன், எங்கள் தாய்மாமன். அது தேய்ந்து ஓம் ஆனது. அவர்களும் ஒரு காலத்தில் எங்களைப் போலத் தாயின் சகோதரனுக்கு ஒரு சொல், தகப்பனின் சகோதரனுக்கு வேறு சொல் என்று பிரித்து வைத்திருந்தவர்கள்தான். இப்போது இரண்டுக்கும் ஒரே ஒங்கிள். ஆக, உங்கள் மீற்றரில் நீங்கள் அளந்தது மாமாவைத்தான்.

கடல்காற்று

வாத்தியார் சொன்ன மாமாவை நான் நேரிலேயே சந்தித்திருக்கிறேன். சண்டை முடிந்த பிறகு அவுஸ்திரேலியா போகிறோம் என்று வெளிக்கிட்டு, இந்தோனேசியாவில் இறங்கி, அங்கேயே வருடக்கணக்காக மாட்டுப்பட்டுப்போன ஆட்களில் நானும் ஒருவன். வாடகை அறைக்கு முன்னால் சின்னப் பெடியள் பந்து அடிப்பார்கள். நான் வெளியே வந்தால் போதும், "ஓம்! ஓம்!" என்று கத்துவார்கள். முதல் நாள் எனக்கு நெஞ்சு அப்படியே நின்றுவிட்டது. யாரோ எங்கட ஆட்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், இந்தப் பிள்ளைகள் அவர்களிடம் பழகியிருக்கின்றன என்று நினைத்து இரண்டு ஒழுங்கை தேடி அலைந்தேன். ஒருவரும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, அங்கே நடுத்தர வயது ஆணை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல்லே ஓம்தானாம். "ஓம், மாவ் கெ மானா?" என்றால், மாமா எங்கே போகிறியள்? ஒல்லாந்தக்காரன் மாமாவுக்கு வைத்திருந்த "ஓம்" என்ற சொல்லை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மாமிக்குத் "தாந்தே", அதுவும் அவனுடையதுதான்.

இதில் ஒரு விசயம். அதே ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து நூற்றுச் சொச்சம் வருடம் இங்கேயும் இருந்தவர்கள். எங்களுக்குக் கந்தோரும் கக்கூசும் தந்தார்கள், மாமாவைத் தரவில்லை. தந்திருந்தாலும் வைக்க எங்களிடம் இடம் ஏது, அந்த ஓம் கதிரையில் ஏற்கெனவே ஆள் இருந்ததே.

அந்தப் பெடியளோடு ஒரு விளையாட்டு இருந்தது. அவர்கள் "ஓம்?" என்பார்கள், நான் "ஓம்" என்பேன். மாமாவா, ஓம். அவர்களுக்கு ஏன் எனக்குச் சிரிப்பு வருகிறது என்று கடைசி வரைக்கும் தெரியாது.

தருமபுரத்துப் பேத்தி

எல்லாரும் "எங்கட ஓம்" "எங்கட ஓம்" என்று எழுதுகிறீர்கள், வன்னியில் எல்லார் வீட்டிலும் ஓம் இருக்கவில்லை. எங்கள் ஆட்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்தில் இருந்து அடிபட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் வீட்டில் "ஆமா", "ஆமாங்க", "இல்லீங்க" தான். முறிகண்டிக்கச்சான் அண்ணை திருச்சியில் பட்டதை நான் கிளிநொச்சியிலேயே பட்டேன், மறுபக்கமாக. பள்ளிக்கூடத்தில் ரீச்சரிடம் "ஆமா ரீச்சர்" என்றால் பக்கத்து மேசைக்காரி என் குரலிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டுவாள். ஆறாம் வகுப்பு முடிவதற்குள் நான் ஓமுக்கு மாறிவிட்டேன். வீட்டில் வந்து அதே ஓமைச் சொன்னால் அம்மாச்சிக்குக் கோபம், "யாருகிட்ட கத்துக்கிட்ட இத?" என்று கேட்பார். இடப்பெயர்வில் எல்லாரும் ஒரே தறப்பாளுக்குக் கீழே கிடந்தபோது ஆமாவும் ஓமும் யாருக்கும் காதில் விழவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போது என் மகள் "ஓமாங்க" என்று ஒரு புதுச் சொல் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள், கடையில் கடன் சொல்லும்போது மட்டும் பாவிப்பாள்.

லாச்சப்பல் மாப்பிள்ளை

பிரெஞ்சில் ஆண், மனிதன் என்பதற்குச் சொல் "ஒம்". எழுதும்போது முன்னால் ஒரு எழுத்து நிற்கும், வாயில் வராது. பாரிசில் கக்கூஸ் கதவில் பார்ப்பது இதுதான். என் மாமியார் வந்து கொஞ்ச நாளில் ஒரு கந்தோரில் இருந்து ரெலிபோன் வந்தது, மாமிக்குக் குரல் கொஞ்சம் கட்டை. அவர்கள் என்னமோ கேட்கக் கேட்க இவர் விளங்காமல் "ஓம், ஓம்" என்றிருக்கிறார். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது, மாமியின் பெயருக்கு முன்னால் "மிசியூ", ஆண்களுக்குப் போடுகிற திருவாளர். திருத்த நாலு மாதம் ஓடியது. மாமி அந்தக் கடிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

வட்டுவாகல் பாலம்

2004 சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவில் ஒரு நிவாரண அமைப்பில் மொழிபெயர்க்கிற வேலை செய்தேன். வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர், நல்ல மனுசி, ஒவ்வொரு கொட்டிலாகப் போய்க் கதைப்பார். மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவ்வளவு இழந்த பிறகும் இந்தச் சனம் ஒவ்வொரு வசனத்துக்கும் மந்திரம் சொல்கிறதே, இது என்ன பக்தி என்று கண் கலங்கக் கேட்டார். அவர் தன் ஊரில் யோகா வகுப்புக்குப் போகிறவராம். நான் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, கொப்பியைத் திறந்து நாலைந்து வரியை வெட்டினார்.

ஆனால் அவர் முழுப் பிழை என்றும் சொல்லமாட்டேன், பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது இது. சாந்தோக்கிய உபநிடதம் தொடக்கத்திலேயே ஓமைச் சம்மதத்தின் எழுத்து என்கிறது, யாரும் எதற்காவது இணங்கினால் ஓம் என்றுதான் சொல்வார்கள் என்று. பிருகதாரண்யக உபநிடதத்தில் இன்னும் நல்ல இடம் இருக்கிறது. சாகல்யர் யாக்ஞவல்கியரிடம் தேவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறார். 3306 என்று பதில். "ஓம்" என்கிறார் சாகல்யர், என்றுவிட்டு உடனே, சரி, உண்மையில் எத்தனை பேர்? 33. "ஓம்." உண்மையில் எத்தனை? ஆறு. "ஓம்." பிறகு மூன்று, இரண்டு, ஒன்றரை என்று இறங்கி ஒன்றில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு தரமும் ஓம் சொல்கிறார், ஒரு தரமும் விட்டபாடில்லை. என் அப்பா மாடு விலை பேசுவதும் இப்படித்தான்.

அதற்காக எங்கள் ஓம் அங்கேயிருந்துதான் வந்தது என்று யாரும் கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டாம். ஆகும் என்பது சுருங்கி ஆம். ஆ, ஓ ஆவது தமிழில் பழைய பழக்கம், தொல்காப்பியரே செய்யுளில் ஆ ஓவாகிற பெயர்கள் உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார், வில்லான் வில்லோன் ஆவது அப்படி. வந்தோம், போனோம் என்று நாங்கள் சொல்கிற அந்த விகுதியும் தொல்காப்பியத்தில் இல்லை, அங்கே அம், ஆம், எம், ஏம் தான், நன்னூலுக்கு வரும்போதுதான் ஓமும் வந்து சேருகிறது. நான் இந்த ஆம் கட்சி.

ஏ-ஒன்பது

சின்னக் கதை. 2002 இல் ஏ-ஒன்பது பாதை திறந்து 2006 ஆகஸ்டில் மூடும் வரைக்கும் நான் ஓமந்தைச் சோதனைச்சாவடியால் மாதம் இரண்டு தரம் போய் வந்தவன். எனக்கு அப்போது சிங்களம் சுத்தமாகத் தெரியாது. ஒருநாள் சோதனையில் நின்றவர் "தனியத?" என்று கேட்டார். தனியாவா என்று விளங்கி "ஓம்" என்றேன். அவர் அதைத் தன்னுடைய "ஒவ்" என்று எடுத்துக்கொண்டார், இரண்டும் ஒரே அர்த்தம்தானே. எனக்குச் சிங்களம் தெரியும் என்று நினைத்துப் பிறகு கடகடவென்று நிறையச் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஓம் போட்டேன். கடைசியில் என் பையில் இருந்த பாலைப்பழத்தில் அரைவாசியை எடுத்துக்கொண்டு சிரித்துக் கையசைத்தார். எதற்கு ஓம் சொன்னேன் என்று அப்போதுதான் விளங்கியது.

குளக்கட்டு (ஒஸ்லோ)

என் மகளுக்கு ஐந்து வயது. அம்மா மாங்குளத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைப்பார்கள். மகளுக்குத் தமிழ் விளங்கும், வாயில் வருவது நோர்வீஜியன்தான். அம்மா, "பிள்ளை, கதை ஒண்டு சொல்லட்டோ?" என்று கேட்டார். இவள், "ஒம் வா?" என்றாள். நோர்வீஜியனில் "ஒம்" என்றால் பற்றி, "வா" என்றால் என்ன. எதைப் பற்றிய கதை என்று கேட்கிறாள் பிள்ளை.

அம்மாவின் முகம் திரையில் அப்படியே பெரிதாக வந்தது. போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துவிட்டார், நெற்றித் திருநீறு மட்டும்தான் தெரிந்தது. "என்ர செல்லம், எப்பிடியடி வாறது? கண் ஒப்பரேசன் இருக்கு, மாடு கண்டு போட்டு நிக்குது." இவளுக்கு மாடு என்றது விளங்கிவிட்டது, கதை மாட்டைப் பற்றி என்று நினைத்து வந்து என் மடியில் ஏறி இருந்துவிட்டாள். அம்மா விமானத்தில் குளிருமோ, ஆட்டுக்கல்லு கொண்டுவர விடுவானோ என்று கேட்டுக்கொண்டே போகிறார், இவள் மாடு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த கிழமை நான் அம்மாவுக்கு விசயத்தை விளக்கினேன். அது பற்றி, இது என்ன, இரண்டும் சேர்ந்தால் இன்னது என்று. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஓமோம்" என்றார். "நீ சொல்லுறது சரிதான். ஆனா அவள் வா எண்டுதான் சொன்னவள்."