சோயா மெழுகு கரியே விடாதா?

பழையவீடு: வரவேற்பறை அலங்காரம் பற்றிய இழையில் நேற்று மல்லிகைவாசம் எழுதியது: "சோயா மெழுகில் செய்த வாசனை மெழுகுவர்த்தி ஏற்றினால் சுவரில் கரியே படியாது." படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. டிவி பக்கத்துத் தட்டில் 3 மாதம் நான் ஏற்றியது சோயா மெழுகுதான். கண்ணாடிக் குவளையின் வாய் கறுத்துப்போனது. மேலே சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. ஈரத்துணியால் துடைத்தேன், இழுவிக்கொண்டு இன்னும் பெரிதானது. கடைசியில் அந்தச் சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்தேன்.

மல்லிகைவாசம்: கரி விடுவது பாரஃபின், அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. சோயா விடாது. 2 வருடமாகப் படுக்கையறையில் லாவண்டர், கூடத்தில் சந்தனம் ஏற்றுகிறேன், சுவர் பளிச்சென்று இருக்கிறது. உங்களுக்கு விற்றவர் பாரஃபின் கலந்திருப்பார்.

பழையவீடு: முழுசாக எரியாத கார்பன்தான் கரி. எந்த எண்ணெய், எந்த மெழுகு என்றாலும் சுடருக்குக் காற்று சரியாகக் கிடைக்காவிட்டால் அது வரும். விளக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்துத்தானே பாட்டிமார் கண்மை செய்தார்கள்? விளக்கெண்ணெய் என்ன பெட்ரோலியமா?

திரிக்காரி: நான் வீட்டிலேயே மெழுகுவர்த்தி ஊற்றி விற்பவள். ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் திரியை 5, 6 மி.மீ. உயரத்துக்கு வெட்டுங்கள். திரி நீளமாக இருந்தால் சுடர் உயர்ந்து புகையும். முதல் தடவை ஏற்றும்போது மேல்மெழுகு ஓரம் வரை உருகும்வரை அணைக்காதீர்கள். பாதியில் அணைத்தால் நடுவில் குழி விழுந்துவிடும்.

பழையவீடு: தினமும் வெட்டினேன் அம்மா. கேள்வி திரி பற்றியது இல்லை. "கரியே படியாது" என்பது உண்மையா, பொய்யா?

மொட்டைமாடி: சென்னையில் மே மாதம் ஃபேன் இல்லாமல் யார் உட்காருவது? ஃபேன் காற்றில் சுடர் ஆடினால் எந்த மெழுகும் கரி விடும்.

மல்லிகைவாசம்: பார்த்தீர்களா, அது ஃபேனின் தப்பு. சோயாவின் தப்பு இல்லை.

பழையவீடு: அப்போது ஃபேன் போட்டால் சோயா கரி விடும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

மல்லிகைவாசம்: நான் அப்படிச் சொல்லவே இல்லை. வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை: வாரம் ஒரு நாள் சாம்பிராணி போட்டால் வீடே மணக்கும். 600 ரூபாய்க்கு மெழுகு வாங்கி அலமாரியில் வைப்பது வெறும் பகட்டு.

திரிக்காரி: பகட்டா? 200 கிராம் மெழுகுக்கு 8 சதவீதம் என்றால் 16 கிராம் வாசனை எண்ணெய். நல்ல எண்ணெய் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வாருங்கள். உங்கள் சாம்பிராணிப் புகை மட்டும் சுவரில் படியாதா?

பழையவீடு: சாம்பிராணியை விடுங்கள். சாம்பிராணிக்குப் புகையே கிடையாது என்று யாரும் எழுதவில்லை. சோயாவுக்குத்தான் எழுதினார்கள்.

மல்லிகைவாசம்: ஆத்தங்குடிக் கல் இழையிலும் இப்படித்தான், நான் ஒரு வரி எழுதினால் நீங்கள் பத்து வரி எழுதினீர்கள். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது.

பழையவீடு: அதில் நான் சொன்னதுதான் சரி. அந்தக் கல்லுக்கு ஆசிட் ஊற்றச் சொன்னவர் நீங்கள். சிமென்ட் கல் ஆசிட்டைத் தாங்குமா?

மொட்டைமாடி: அந்தச் சண்டையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்களேன்.

மல்லிகைவாசம்: சரி, நாளை என் சுவரைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

பழையவீடு: சுவர் வேண்டாம். குவளையின் உள்வாயை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் படம் எடுத்துப் போடுங்கள்.

மல்லிகைவாசம்: உங்களுக்காக நான் ஏன் துடைக்க வேண்டும்? சோயா கரி விடாது.

பழையவீடு: துணி எங்கே?